ஆவணியில் போட்ட டயர்

பக்கத்துல போகாதீங்க தம்பி. இங்க வாங்க, இந்தக் கட்டச் சுவத்துல எங்கூட உக்காருங்க. அவ கயிறு மாட்டி இழுக்குறப்ப யாரும் கிட்ட நிக்கக் கூடாது. அறுந்தா ஆளையே வெட்டிரும்னு சொல்லுவா. என்னையவே விடமாட்டா. நான் அவளுக்கு மாமியா. "அத்தே, அங்க போங்க. இன்னும் மேல. இன்னும் கொஞ்சம் மேல." கோழிய வெரட்டுற மாதிரி வெரட்டுவா. வயசானவங்கிற மரியாதையே கெடையாது.

உங்க காருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பக்கந்தான ஓடையில எறங்கியிருக்கு. கொரங்குக்கு ஒதுங்கப் போயி எறங்குற காரு இந்த ரோட்டுல நெறைய உண்டு. உங்க வீட்டம்மாவும் பிள்ளைகளும் கீழ டீக்கடையிலயே இருக்கட்டும். நேரம் ஆகும். அவ எதுலயும் அவசரப்படமாட்டா. பாருங்க, இழுக்குற வண்டியச் சுத்தி நடக்குறா. நாலு டயரையும் தொட்டுப் பாக்குறா. நிக்கிற எடத்து மண்ணைக் காலால அமுத்திப் பாக்குறா. இவ்வளவும் முடிச்சப்புறந்தான் கொக்கியவே கையில எடுப்பா. எம் மகனா இருந்தா இந்நேரம் இழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

ஆமா, அது எம் மகன் வண்டி. பால்பாண்டின்னு பேரு. வால்பாறையில எந்தக் கடையில கேட்டாலும் தெரியும். கெட்டு நிக்கிற காரு, வேனு எல்லாத்தையும் பின்னாடி கட்டி பொள்ளாச்சி வரைக்கும் கொண்டுபோய் விடுவான். நான் எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சவ. அவங்கப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. நான் ஒத்தையில வளத்தேன். இந்தப் பிக்கப் வாங்குன அன்னைக்கு என்னை முன்னாடி உக்கார வச்சு பஜாரச் சுத்தி வந்தான்.

இப்ப அவன் இல்ல. ஆடியில போயிட்டான். இது ஐப்பசி.

அட, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. நான் அழமாட்டேன். எனக்கு அழுகை வரல தம்பி. எழவுக்கு வந்த பொம்பளைக எல்லாம் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நான் அவங்க சேலையில என்ன பூ போட்டிருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சரி, எனக்குத்தான் வரல, வயசாயிருச்சு. பொஞ்சாதிக்காரிக்கு வர வேணாமா? அவளும் அழல. ஒரு சொட்டு அழல. காரியம் முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாம் ஊருக்குப் போன மறுநாளு, சோத்தத் தட்டுல போட்டுக்கிட்டே சொல்றா, "அத்தே, வண்டிக்கு டயர் மாத்தணும்"னு.

டயரு. புருசன் போயி சூடு ஆறல, டயரு.

அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசுல கெடக்கு.

எப்படிப் போனான்னு நீங்க கேக்கல, கேக்கமாட்டீங்க, படிச்சவங்க. நானே சொல்றேன். எஸ்டேட் ரோட்டுல ஒரு வேன் சேத்துல மாட்டிக்கிச்சு. பட்டப்பகல்தான், ஆனா மழை. நம்ம ஆடி மழை உங்க ஊர் மழை மாதிரி இல்ல, ஊத்துனா ஊத்திக்கிட்டே இருக்கும். அன்னைக்கு அவளும் கூடப் போயிருந்தா. அவளுக்கும் ஓட்டத் தெரியும், அவன்தான் சொல்லிக் குடுத்தான். இவ ஸ்டீயரிங்குல உக்காந்திருக்கா, அவன் கீழ நின்னு கயிறு கட்டுறான். சரிவு. நம்ம வண்டி பின்சக்கரம் சும்மா சுத்துது, பிடிக்கல. "நீ பிரேக்க மிதிச்சுக்க, நான் கல்லு வச்சிட்டு வாரேன்"னு சொல்லிட்டுப் பின்னாடி போயிருக்கான். இவ மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. சக்கரம் உருளல தம்பி. நின்ன சக்கரம் நின்னபடிக்கே வழுக்கி வந்துருச்சாம். பின்னாடி மண் திட்டு. நடுவுல அவன்.

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் அத்தே." ஆசுபத்திரி வராண்டாவுல அது ஒண்ணுதான் சொன்னா. அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல. சரியா மிதிச்சாளோ என்னமோ, நமக்கு என்ன தெரியும். நான் அப்படி அவகிட்ட கேட்டதில்ல. ஒரே ஒரு தடவ கேட்டேன்.

டயர் தேஞ்சிருந்துச்சுன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. தேஞ்சிருந்துச்சுதான். அவனே சொல்லிக்கிட்டு இருந்தான். ஆனி மாசத்துலயே, "அம்மா, இந்த மழைக்குள்ள டயர் மாத்திரணும், மண்ணுலயும் பிடிக்கிற மாதிரி, ரோட்டுலயும் பிடிக்கிற மாதிரி ஒரு டயரு இருக்கு, கடையில சொல்லி வச்சிருக்கேன்"னான். கடக்காரரு வெளியில இருந்து வரவழைக்கணும், அது ஆனி கடேசியில வருது, இவன் போய் மாட்டுறதுக்குள்ள ஆடி பொறந்துரும். ஆடியில யாராச்சும் வண்டிக்குப் புதுசு வாங்கிப் போடுவாங்களா? நீங்களே சொல்லுங்க. ஒரு துணி எடுக்குறதுக்கே ஆயிரம் யோசிக்கிறோம். "ஆடி கழியட்டும்டா, ஆவணி பொறந்ததும் மொத வெள்ளிக்கிழம போட்டுக்க"ன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன். அவனும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டான். இவதான் அடுப்படியில வந்து என் பின்னாடி நின்னுக்கிட்டு, "மழைக்கு முன்னாடி மாத்திரட்டும் அத்தே"ன்னா. நான் திரும்பல. மறுபடியும் சொன்னா. "வீட்டுக்கு வந்து முழுசா ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள நல்லது கெட்டது நீ சொல்லித் தரயா"ன்னேன். போயிட்டா.

பாருங்க, கொக்கிய மாட்டிட்டா. இப்ப கட்டைய எடுப்பா. அந்த இரும்புக் கட்டை, சக்கரத்துக்கு அடியில வைக்கிறது. அவதான் வைப்பா. போன மாசம் ஒருத்தரு, பெரிய மனுசன், ஒதவி பண்றேன்னு கல்லத் தூக்கிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி வந்துட்டாரு. அந்த மனுசனைப் பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டா. ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு மானமே போச்சு.

டயர் கதைக்கு வாரேன்.

ஆவணி பொறந்ததும் கெளம்பிட்டா. ஒத்தையில ஒரு பொம்பளப் பிள்ளைய அனுப்ப முடியுமா, நானும் கூடப் போனேன். அதுவுமில்லாம எனக்கு வீட்டுல இருக்க முடியல. அவன் செருப்பு வாசல்ல கெடக்கும். எடுத்து வைக்கவும் தோணல, அப்படியே விடவும் தோணல. வண்டியில உக்காந்தா ரோட்டப் பாத்துக்கிட்டே போயிரலாம்.

மெதுவாத்தான் ஓட்டுனா. மாட்டு வண்டி கூட முந்திப் போகும். பஸ்காரன் பின்னாடி ஆரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டான்.

பொள்ளாச்சியில மொதக் கடை. கடக்காரப் பையன் என்கிட்ட கேக்குறான், "யாரும்மா வண்டி ஓட்டுறது?"ன்னு. "நான்தான்"னா இவ. அவன் ஒரு டயர உருட்டிக்கிட்டு வந்தான். கட்டை கட்டையா ரப்பரு, யானைக் காலு மாதிரி. "மலைக்கு இதுதாங்க. சேறு, சகதி, பாறை, எல்லாம் ஏறும். போட்டா வண்டிக்கே ஒரு கெத்து வந்துரும்."

இவ கேக்குறா, "ஏறுறது இருக்கட்டும். நிக்குமா?"

அவனுக்குப் புரியல. "என்னங்க?"

"பின்னாடி ஒரு கார் கட்டியிருக்கேன். மழை. தார் ரோடு, எறக்கம். பிரேக்க மிதிச்சா நிக்குமா?"

அவன் சிரிச்சான். "இது சேத்துக்குப் போடுறதுங்க. நனஞ்ச தார் ரோட்டுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஓட்டுறவங்க பாத்து ஓட்டணும்."

வந்துட்டா வெளியில.

அடுத்த கடையில நேர் எதிரு. வழவழன்னு டயரு, மெல்லிசா கோடு போட்டிருக்கு. "இழுவைக்கு இதுதாம்மா. சத்தம் வராது, டீசல் மிச்சம், ரொம்ப நாள் தேயாது." இவ குந்த வச்சு உக்காந்து அந்தக் கோட்டுக்குள்ள வெரல விட்டுப் பாத்தா. வெரல் பாதி கூட எறங்கல. "எஸ்டேட் மண்ணுல?"ன்னா. "மண்ணுல ஏம்மா போறீங்க?"ன்னாரு அவரு. "வண்டி கெட்டு நிக்கிறது மண்ணுலதாண்ணே." அதோட அங்கயும் அதே கேள்வி. நிக்குமா? எல்லாரும் ஏறுறதப் பத்திப் பேசுறாங்க, ஓடுறதப் பத்திப் பேசுறாங்க, இவ ஒருத்தி நிக்கிறதையே கேட்டுக்கிட்டு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. கோட்டி பிடிச்ச மாதிரி ஒரே கேள்விய எத்தன கடையிலதான் கேக்குறது.

இன்னொருத்தரு, பின்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, முன்னாடி இருக்கட்டும்னாரு. இன்னொருத்தரு, பழசு மேலயே புது ரப்பர் ஒட்டிக் குடுக்குறோம்னாரு. அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இவ வண்டியில ஏறி உக்காந்துட்டா.

இதுல என்னன்னா தம்பி, எம் மகன் சொல்லி வச்சிருந்த கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. ரசாக் பாய் கடை. இவளுக்கும் தெரியும். அந்தக் கடை வழியா நாங்க எத்தன தடவ போனோம், இவ திரும்பிக்கூடப் பாக்கல. மொதல்லயே அங்க போயிருந்தா எனக்கு இந்த அலைச்சல் உண்டா? வேகாத வெயிலு, காலு வேற வீங்கிருச்சு. "ஏன்டி அங்க போகல?"ன்னு கேட்டேன். "போலாம் அத்தே"ன்னா. அடுத்த வாரம் மறுபடி கெளம்பி வந்தோம். அப்பவும் வேற ரெண்டு கடைக்குப் போயிட்டு, சாயங்காலம் ஆகப் போகுதுன்னதும்தான் அங்க கொண்டுபோய் நிறுத்துனா.

ரசாக் பாய் நல்ல மனுசன். வண்டியப் பாத்ததும் எந்திரிச்சு வந்தாரு. டிரைவர் சீட்டுல இவளப் பாத்துட்டு, "பால்பாண்டி வரலியாம்மா?"ன்னாரு.

இவ கீழ எறங்கி நின்னு, "அவரு தவறிட்டாரு பாய். ஆடியில"ன்னா. பஸ் போயிருச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

அந்த மனுசன் எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாரு. எப்படின்னு கேட்டாரு, இவ சொன்னா. டயர் வழுக்கிருச்சுன்னு சொன்னா. பிரேக்க மிதிச்சதெல்லாம் சொல்லல. பாய் உள்ள போயி, மூலையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்ததத் தூக்குனாரு. நாலு டயரு. புதுசு.

"இது அவன் கேட்டதும்மா. ஆல் டெரெய்ன்னு சொல்லுவாங்க. ரொம்ப மண்ணுக்கும் இல்ல, ரொம்ப ரோட்டுக்கும் இல்ல. பின்னாடி வண்டி கட்டி இழுக்குறப்ப பக்கம் மடங்கக் கூடாது பாய், ஆடக் கூடாதுன்னு சொல்லி, எடை தாங்குற நம்பரப் பாத்துப் பாத்து கேட்டான். ஆனியிலயே வந்துருச்சு. போன் போட்டேன். 'வீட்ல ஆடி கழியட்டும்னு சொல்றாங்க பாய், ஆவணியில வாரேன், எடுத்து வைங்க'ன்னு சிரிச்சான். நானும் வற்புறுத்தல."

சொல்லிட்டு அவரு இவளப் பாக்குறாரு. வீட்லன்னா பொஞ்சாதியத்தான சொல்லுவாங்க. "ஏம்மா, நீ மட்டும் அன்னைக்கு அதச் சொல்லாம இருந்திருந்தா..." முடிக்கல அவரு. வருத்தத்துல வந்துருச்சு, வேணும்னு சொல்லல.

நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். காதுல ஒரு மாதிரி ஙொய்ன்னு சத்தம். என்ன சொல்லப் போறாளோன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

இவ சொல்றா, "ஆமா பாய். நான்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். அப்புறம் குனிஞ்சு டயரப் பாக்க ஆரம்பிச்சுட்டா. பக்கத்த அமுத்திப் பாத்தா. அந்த நம்பர வெரல் வச்சுப் படிச்சா. "இது நிக்குமா பாய்?"ன்னா. பாய் சிரிக்கல. "தேயாம பாத்துக்கிட்டு, காத்து சரியா வச்சிருந்தா, எடைக்கு மேல இழுக்காம இருந்தா, நிக்கும்மா. எதுவும் கண்ண மூடிக்கிட்டு நிக்காது"ன்னாரு. "நாலும் மாட்டிருங்க"ன்னா.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நெஞ்சுல இருந்து ஒரு அரிசி மூட்டைய யாரோ எறக்கி வச்ச மாதிரி. இவளும் சொல்லியிருக்கா. நான் மட்டும் சொல்லல. இவளும் சொல்லியிருக்கா, இத்தன நாளும் வாயத் தொறக்காம இருந்திருக்கா, அழுத்தக்காரி.

பழைய டயரக் கழட்டிப் போட்டாங்க. அதுக்கு ஒரு வெல போட்டுக் கழிச்சுக்கிறேன்னாரு பாய். இவ வேணாம்னுட்டா. "அறுத்துப் போட்டிருங்க. யாரு வண்டிக்கும் மாட்டிராதீங்க"ன்னா. சரிம்மான்னாரு. "இப்பவே"ன்னா. கடை ஆளு கத்தி எடுத்து நாலையும் பக்கத்துல கிழிக்கிற வரைக்கும் அங்கயே நின்னா. நல்லா ஓடுற டயரு இல்லதான், ஆனாலும் வீட்டு வாசல்ல செடி வைக்கவாச்சும் ஆகியிருக்கும். சொன்னேன். கேக்கல.

திரும்பி வர்றப்ப ஆழியாறு தாண்டுறதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நேர் ரோடு. வண்டி எதுவும் வரல. திடீர்னு பிரேக்க மிதிச்சா. என் தலை முன்னாடி போய் இடிச்சுச்சு. வண்டி நின்னுச்சு. இவ எறங்கிப் போயி ரோட்டப் பாத்தா. ஏறுனா. கொஞ்ச தூரம் போனா, மறுபடி மிதிச்சா. நின்னுச்சு. மறுபடி எறங்கிப் பாத்தா. மறுபடி. நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, "போதும்டி, போதும்டி"ங்குறேன். அவ காதுல விழல. அப்புறம் ஒரு தடவ மிதிச்சவ மிதிச்சபடியே இருந்துட்டா. வண்டி நின்னுருச்சு, இன்ஜினும் நின்னுருச்சு, இவ காலை எடுக்கல. கைய ஸ்டீயரிங்க விட்டு எடுக்கல. தோப்புக்குள்ள யாரோ தேங்கா உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, அந்தச் சத்தம் மட்டும் கேக்குது.

சரி, இதான் நேரம்னு நான் கேட்டேன். "ஏம்மா, நீயுமா அவன்கிட்ட தள்ளிப்போடச் சொன்ன?"

ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஆமாத்தே"ன்னா.

"சரி விடு"ன்னேன். "நீயும் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்ப. நான் உன்னைத் தப்பா நெனைக்கல. நான் மன்னிச்சுட்டேன்"னேன்.

"சரிங்கத்தே"ன்னா. அப்புறம் மெதுவா காலை எடுத்தா.

அன்னைக்குத்தான் தம்பி நான் வயிறாரச் சாப்பிட்டேன். அவ ரசம் வச்சா. ரெண்டாம் தடவ வாங்கிச் சாப்பிட்டேன். அவ சாப்பிட்டாளான்னு நான் கவனிக்கல.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. அடுப்படியில என் பின்னாடி நின்னு, மழைக்கு முன்னாடி மாத்திரட்டும்னு ரெண்டு வாட்டி சொன்னவ இவதான. அப்புறம் எப்படி அவன்கிட்ட தள்ளிப்போடச் சொல்லியிருப்பா? நான் கோவிச்சுக்கிட்டேன்னு ரூமுக்குள்ள போய் மாத்திச் சொல்லியிருப்பா. இருக்கும். புருசன் பொஞ்சாதி பேசிக்கிறது நமக்கு எப்படித் தெரியும். நான் அத ரொம்ப யோசிக்கிறதில்ல. யோசிக்க ஆரம்பிச்சா அந்த ஙொய்ன்னு சத்தம் வந்துரும். அப்ப எந்திரிச்சு எதையாச்சும் தொடச்சுக்கிட்டு இருப்பேன்.

அவ அம்மா வீட்டுல இருந்து வந்து கூப்பிட்டாங்க. வந்துரும்மா, சின்ன வயசு, இன்னொரு வாழ்க்கை பாப்போம்னாங்க. போகலேன்னுட்டா. வண்டிக்காகத்தான் இருக்கான்னு ஊர்ல சொல்றாங்க. இருக்கலாம். வேற எதுக்கு இருக்கப் போறா? பிள்ளையா குட்டியா? நான்தான் இருக்கேன். எனக்காகவா இருப்பா?

அந்தா, காரு அசையுது. பாருங்க. மண்ணுல டயரு எப்படிக் கவ்வுது பாத்தீங்களா. சுத்தவே இல்ல. முன்னாடி எல்லாம் சேறு வாரி எறைக்கும். இப்ப அப்படியே ஊனிப் பிடிச்சுக்குது. வந்துருச்சு. மேல வந்துருச்சு உங்க காரு. இருங்க, ஓடாதீங்க. அவ கைய காட்டுற வரைக்கும் போகக் கூடாது. கட்டைய வைக்கட்டும்.

வச்சுட்டா. இப்பப் போலாம்.

தம்பி, ஒரு விசயம். உங்க காரு முன்சக்கரம் கோணிக்கிச்சு, கட்டி இழுத்துத்தான் போகணும். பொள்ளாச்சி வரைக்கும் நாம மூணு பேரும் ஒரே வண்டியிலதான் போகணும், உங்க வீட்டம்மா பிள்ளைகள பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க. போறப்ப அவகிட்ட இதப் பத்தி எதுவும் கேட்டுராதீங்க. அவதான் தள்ளிப்போடச் சொன்னான்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. பாவம், சங்கடப்படுவா. நான் அவள மறுபடி ஒரு தடவகூடக் குத்திக் காட்டுனதில்ல.

வாரேன்டி, வாரேன். இங்கயேதான் உக்காந்திருந்தேன், கிட்ட வரல. இந்தத் தம்பிகிட்ட டயரப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.